ஸ்போர்ட்ஸ் காரின் உள் மட்காட்டைக் கல்லடியிலிருந்தும் இரைச்சலிலிருந்தும் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தாழ்வான இரு கதவுக் கார் ஒன்றை யாழ்ப்பாணத்தில் ஓட்டுபவர் எவருக்கும் இந்த ஒலி பழக்கமானது. கண்டி வீதியின் காப்பற்றில் அமைதியாக வந்த வண்டி ஒழுங்கைக்குள் திரும்பியவுடன், தகரக் கூரையில் புளியங்கொட்டை கொட்டுவதுபோலச் சில்லுகளுக்கு மேலே சத்தம் எழும்பும். அகலமான, மென்மையான ரயர் கல்லை ஒட்டி எடுத்து எறிகிறது. எடையைக் குறைப்பதற்காக அங்கே தகடும் மெல்லியதாக, ஒலித்தடுப்பும் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. சத்தம் காதுக்குத் தொல்லை. ஆனால் ஒவ்வொரு கல்லும் பெயின்றைத் தெறிக்கச் செய்து, உப்புக் காற்றுக்கு இரும்பைத் திறந்து விடுவதுதான் உண்மையான இழப்பு.

என் சொந்த வண்டியிலும் நண்பர்களின் வண்டிகளிலும் இந்த வேலையைப் பல தடவை செய்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பொருளைத் தெரிவு செய்வதில் அல்ல, வரிசையில்தான். உள் மட்காட்டில் ஒரு பூச்சைப் பூசிவிட்டால் அதன் கீழே நடப்பதை நீங்கள் மீண்டும் பார்க்கப் போவதில்லை. ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளே இருக்கும், துருவின் மேல் பூசினால் துரு உள்ளே வளரும். ஆகவே இந்த வழிகாட்டியில் பூசுவதற்கு முந்திய படிகளே நீளமாக இருக்கும்.

1. எந்தச் சத்தம் என்பதை முதலில் பிரித்தறியுங்கள்

சில்லுப் பக்கத்திலிருந்து மூன்று வகை ஒலிகள் வருகின்றன. கல் தகட்டில் படும்போது எழும் கூர்மையான தெறிப்பு ஒன்று. ரயர் வீதியில் உருளும்போது தொடர்ந்து வரும் இரைச்சல் இன்னொன்று. மூன்றாவது, அந்த இரைச்சலால் தகடே அதிர்ந்து எழுப்பும் பறை போன்ற தடித்த முழக்கம். தெறிப்பைக் குறைப்பது ரப்பர்த் தன்மையுள்ள பூச்சும், மட்காட்டின் உட்புறத்தை மூடும் உறையான பிளாஸ்ரிக் லைனரும். முழக்கத்தைக் குறைப்பது தகட்டில் ஒட்டும் பியூட்டைல் தாள், அதாவது ஒரு பக்கம் அலுமினியத் தாள் படிந்த, பிசுபிசுப்பான ரப்பர்த் தாள். காற்றின் வழியாக வரும் இரைச்சலை ஓரளவு உறிஞ்சுவது நார்த் துணியாலான லைனர். ஒன்றுக்கான பொருளை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் பணம் போகும், சத்தம் போகாது.

பண்ணைப் பாலத்து வீதி போன்ற நேரான, மிருதுவான வீதியில் ஒரு சீரான வேகத்தில் ஓட்டி, பக்கத்தில் ஒருவரை இருத்தி, சத்தம் முன்னிருந்தா பின்னிருந்தா வருகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு கிறவல் ஒழுங்கை ஒன்றில் மெதுவாக ஓட்டி, எந்த மூலையில் கல் அதிகம் அடிக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் முன் சில்லு எறியும் கல் முன் மட்காட்டின் பின்பகுதியிலும், கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்தின் தொடக்கத்திலும், பின் மட்காட்டின் முன்விளிம்பிலும் விழுகிறது. அங்கேதான் தடித்த பூச்சு வேண்டும். சில்லுக்கு நேர் மேலே உள்ள உச்சிப் பகுதியில் அந்த அளவு வேண்டியதில்லை.

2. காலத்தையும் இடத்தையும் தெரிவு செய்யுங்கள்

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஏற்ற காலம் மாசி நடுப்பகுதியிலிருந்து சித்திரை வரை. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் பூச்சு ஒழுங்காக இறுகாது. வைகாசிக்குப் பின் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும்; ஈரப் பூச்சில் அந்தப் புழுதி படிந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, பின்னர் சேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தரை சீமெந்துத் தரையாக இருக்க வேண்டும். வண்டி பல நாள் சில்லில்லாமல் ஸ்ராண்டின் மேல் நிற்கப் போகிறது. மணல் முற்றத்தில் ஸ்ராண்டின் கால் ஒரு பக்கம் புதைந்தால் வண்டி சரியும். மரத்தின் கீழே செய்யாதீர்கள். வேப்பம்பூ உதிரும் காலத்தில் வீட்டு முற்றத்தில் பூசி, அடுத்த நாள் முழுவதும் பூவைப் பொறுக்கியிருக்கிறேன்.

ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கழுவ ஒரு நாள், காய இரண்டு நாள், துருவுக்கும் பிரைமருக்கும் இரண்டு நாள், பூச்சுக்கும் அது இறுகுவதற்கும் இன்னும் இரண்டு நாள் என்று ஒரு முழுக் கிழமையை ஒதுக்குங்கள். திங்கட்கிழமை வேலைக்கு வண்டி வேண்டும் என்ற நெருக்கடியில்தான் பெரும்பாலோர் காய விடும் நாட்களைக் குறைக்கிறார்கள்.

3. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தூக்குவதற்கு நல்ல தரை ஜக் ஒன்றும், நான்கு ஸ்ராண்டுகளும், நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் ரோர்க் றென்ச்சும் தேவை. டிக்கியில் வரும் சிறிய ஜக் சில்லு மாற்றுவதற்கு மட்டுமே உரியது. லைனர் கிளிப்புகளைக் கழற்றும் பிளாஸ்ரிக் நெம்பியும், உங்கள் வண்டிக்குரிய கிளிப்புகள் குறைந்தது 20உம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியில் பழைய கிளிப்புகளில் பாதி கழற்றும்போதே உடையும்.

சுத்தம் செய்வதற்கு மென்மையான தூரிகை, வயர் பிரஷ், 80, 180, 320 எண் சாண்ட் பேப்பர், எண்ணெய் அகற்றும் திரவம், பஞ்சு நூல் உதிராத துணி. துருவுக்கு, துருவை மாற்றும் திரவமும், இரண்டைக் கலந்து பூசும் இரு பகுதி எபொக்சி பிரைமரும். மூட்டுகளுக்கு சீலர் ஒரு குழாய். பூச்சுக்கு ரப்பர்த் தன்மையுள்ள, ஒற்றைப் பகுதிக் கல்லடிப் பூச்சு; சில்லு சுழலும் குழிகளான நான்கு சில்லுக்கூடுகளுக்கும் எனக்கு மூன்று லீற்றருக்குச் சற்று மேல் செலவானது. கம்பிரஸர் இல்லாவிட்டால் ஸ்ப்ரே ரின்னாகவே வாங்கலாம். செலவு கூடும், வேலை கெடாது.

பூச்சு வகையில் இரண்டு எச்சரிக்கைகள். வண்டியின் அடிப்பக்கத்துக்கு அடிக்கும், தார் அடிப்படையிலான மலிவான பூச்சான அண்டர்சீல் காலப்போக்கில் காய்ந்து வெடிக்கிறது. வெடிப்பினூடே நுழையும் நீர் வெளியேறாது. ஆகவே நான் அதைத் தவிர்க்கிறேன். பிக்கப் வண்டிகளின் பின்தட்டுக்கு அடிக்கும் இரு பகுதிப் பொலியுரேதேன் பூச்சு மிக உறுதியானது. ஆனால் அதை ஸ்ப்ரே செய்யும்போது ஐசோசயனேற் என்ற நச்சு ஆவி வெளிப்படும். சாதாரணத் துணி முகக்கவசமோ தூசிக் கவசமோ அதைத் தடுக்காது. நுரையீரலுக்கு நிரந்தரத் தீங்கு வரலாம். தனிக் காற்றோட்டக் கவசத்துடன் வேலை செய்யும் பெயின்ற் கூடத்தில் கொடுத்துச் செய்விப்பதே அதற்கு முறை. வீட்டு முற்றத்தில் அதைத் தொடாதீர்கள்.

4. தூக்குதல்

சில்லு நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே கால் சுற்றுத் தளர்த்துங்கள். பிறகு தூக்குங்கள். தூக்கிய பின் பலம் கொடுத்து இழுத்தால் வண்டி ஸ்ராண்டிலிருந்து நழுவும். தாழ்வான கார்களில் ஜக் உள்ளே போகாது. இரண்டு பலகைத் துண்டுகளின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு ஜக்கைச் செலுத்துங்கள். கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் ஸ்ராண்டை வையுங்கள். பக்கச் சட்டத்தின் விளிம்பு நசிந்தால், நாம் காக்க வந்த இடத்திலேயே பெயின்ற் வெடித்துவிடும். ஸ்ராண்டில் இறக்கிய பின் வண்டியை ஒரு தடவை கையால் அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்பதை உறுதி செய்த பிறகே சில்லைக் கழற்றுங்கள்.

5. லைனரைக் கழற்றுதல்

கழற்றுமுன் ஒவ்வொரு சில்லுக்கூட்டையும் மூன்று கோணத்தில் படம் எடுங்கள். லைனரின் எந்த விளிம்பு எதற்கு மேலே, எது கீழே என்பது திரும்பப் பூட்டும்போது நினைவில் இராது. மேலே வர வேண்டிய விளிம்பு கீழே போனால் தண்ணீர் உள்ளே வடியும்.

கிளிப்பின் நடு ஊசியை முதலில் வெளியே எடுத்துவிட்டு உடலை நெம்புங்கள். ஊசியோடு சேர்த்து இழுத்தால் கிளிப்பு உடைவதோடு தகட்டின் துளை விளிம்பில் பெயின்ற் உரிகிறது. பின்பக்க லைனரின் உள்ளே ஒரு பக்கத்தில் பெற்றோல் நிரப்பும் குழாய் செல்லும் வண்டிகள் பல. பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் உணரி வயரும் லைனரோடு கிளிப் செய்யப்பட்டிருக்கும். எதிர்ப்பு வந்தால் நிறுத்திவிட்டு, மறைந்திருக்கும் இன்னொரு ஸ்குரூவைத் தேடுங்கள். நான் பார்த்தவரை கிழிந்த லைனர் எல்லாமே கடைசி ஒரு ஸ்குரூ இருப்பது தெரியாமல் இழுத்ததால் கிழிந்தவைதான்.

6. கழுவுதல்

லைனரைக் கழற்றியவுடன் மட்காட்டின் உள்விளிம்பில் விரலை விட்டுப் பாருங்கள். எனது வண்டியின் பின் இடதுபக்கத்தில் வெளியே வந்தது காய்ந்த தூள் அல்ல; வெள்ளைச் சுண்ணாம்புப் புழுதியும் மணலும் இலைத் துகளும் கலந்து, மழை நின்று மூன்று கிழமைக்குப் பின்னும் பிசையக்கூடிய ஈரத்தோடு இருந்த ஒரு கைப்பிடிச் சேறு. அதை வழித்தெடுத்த இடத்தில் பெயின்ற் குமிழியாக உயர்ந்திருந்தது. கூரை மடங்கும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரான மஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றில் பின் மட்காட்டின் விளிம்பும் அதற்கு முன்னுள்ள பக்கச் சட்டமும் துருவுக்கு முதலில் இரையாவதற்கு இந்தச் சேறு ஒரு பெரும் காரணம்.

கழுவும் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். தீவுப் பக்கத்திலும் கரையோரத்திலும் உள்ள கிணறுகள் பல உவர்நீர்க் கிணறுகள். அந்தத் தண்ணீரால் கழுவிக் காய விட்டால், துருவைத் தூண்டும் உப்பையே தகட்டில் பூசி, அதன் மேல் கல்லடிப் பூச்சால் மூடியதாகிவிடும். வலிகாமத்தின் உட்பகுதிக் கிணற்று நீரும் சுண்ணாம்பு மிகுந்தது. காய்ந்ததும் வெள்ளைப் படலம் தெரியும், பிரைமர் அந்தப் படலத்தில்தான் ஒட்டுமே தவிரத் தகட்டில் அல்ல. ஆகவே முதல் கழுவலுக்கு எந்தத் தண்ணீரானாலும், கடைசி அலசலுக்குச் சேமித்த மழைநீரையோ வாங்கிய குடிநீரையோ பயன்படுத்துங்கள். ஒரு சில்லுக்கூட்டுக்கு ஐந்து லீற்றர் போதும்.

அழுத்தக் குழாயால் மூட்டுகளை மிக அருகில் அடிக்காதீர்கள். பழைய சீலர் பெயரும், உட்புறக் குழிக்குள் தண்ணீர் நிறையும். சர்விஸ் நிலையத்தில் அடிப்பக்கத்துக்குப் பழைய ஒயில் அடிக்கப்பட்ட வண்டியாக இருந்தால், எண்ணெய் அகற்றும் திரவத்தால் இரண்டு தடவையாவது துடைக்க வேண்டும். துடைத்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள்.

இதே படியில் நீர் வெளியேறும் துளைகளைத் தேடுங்கள். பக்கச் சட்டத்தின் அடியில் சிறு பிளவுகள் இருக்கும். கூரை மடங்கும் கார்களில் கூரையின் நீரைக் கீழே கொண்டுவரும் குழாயும் உண்டு. எம்எக்ஸ்-5இல் அது பின் சில்லுக்குச் சற்று முன்னே, அடியில் திறக்கிறது. மேலிருந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, கீழே அதே அளவு வடிகிறதா என்று பாருங்கள். வடியாவிட்டால் மெல்லிய நைலோன் கயிற்றால் அடைப்பை எடுத்துவிட்டே மேலே செல்லுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கிழியும். இந்தத் துளைகள் அடைபட்டிருக்க வெளிப்புறத்தில் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சு அடித்தாலும், பக்கச் சட்டம் உள்ளிருந்தே அரிபட்டுப் போகும்.

7. காய விடுதல்

இரண்டு முழு நாட்கள். கைக்குக் காய்ந்ததாகத் தெரிவதும் மூட்டுக்குள் காய்ந்திருப்பதும் வேறு. ஒன்றன் மேல் ஒன்றாக வந்து சேரும் இரு தகடுகளுக்கு இடையே தண்ணீர் நுண்குழாய்போல ஏறி நிற்கும். அது இறங்க நேரம் வேண்டும். மின்விசிறி ஒன்றைச் சில்லுக்கூட்டை நோக்கி வைத்தால் நல்லது. வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் விரைவுபடுத்த முயல வேண்டாம்; பெற்றோல் குழாயும் பிரேக் ஹோசும் அருகில் இருக்கின்றன.

கொக்குவிலில் ஒரு இளைஞர் தன் வண்டியைக் காலையில் கழுவி, மாலையில் அண்டர்சீல் அடித்தார். நான் தயங்கியபோது, "அண்ணை, மேல நல்லா மொத்தமா அடிச்சா தண்ணி எப்பிடி உள்ள போகும்?" என்று கேட்டார். தண்ணீர் வெளியிலிருந்து போகவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தது. அடுத்த மாரி முடிந்து தை மாதத்தில் அந்தப் பூச்சை நகத்தால் பிடித்து இழுத்தபோது பனங்கிழங்கின் தோல்போல நீளமாக உரிந்து வந்தது, கீழே கபில நிறத் தண்ணீர் நின்றது. அந்த வண்டிக்குப் பின்னர் தகடு வெட்டி ஒட்டும் ரிங்கர் வேலை செய்ய வேண்டியதாயிற்று.

8. துருவை எடுத்தல், பிரைமர், சீலர்

கல்லடி விழுந்த ஒவ்வொரு புள்ளியையும் ரோர்ச் வெளிச்சத்தில் தேடுங்கள். வெளிச்சத்தைத் தகட்டுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குமிழிகள் நிழலோடு தெரியும். குமிழியைச் சுரண்டிப் பாருங்கள்; மேலே கடுகளவு தெரிவது கீழே நாணயமளவு இருக்கும். பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வயர் பிரஷ்ஷாலும் 80 எண் தாளாலும் தேய்த்து, சுற்றியுள்ள நல்ல பெயின்றின் விளிம்பை 180ஆலும் 320ஆலும் படிப்படியாகச் சரித்து விடுங்கள். விளிம்பு படியாக நின்றால் அந்த இடத்திலிருந்தே அடுத்த உரிதல் தொடங்கும்.

ஸ்குரூ டிரைவரின் முனையால் அழுத்தும்போது தகடு உள்ளே போனால், அல்லது ஓட்டை தெரிந்தால், இந்த வழிகாட்டியை அங்கேயே நிறுத்திவிட்டு வெல்டிங் வேலைக்குக் கொடுங்கள். ஓட்டையைப் பூச்சால் மூடி விற்பவர்கள் இருக்கிறார்கள்; நீங்கள் உங்கள் வண்டிக்கே அதைச் செய்யாதீர்கள்.

குழிகளில் எஞ்சிய துருவுக்கு மட்டும் துருவை மாற்றும் திரவத்தைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். பொஸ்போரிக் அமிலம் கொண்ட திரவமாயின், ரின்னில் எழுதியபடி அதன் மிச்சத்தைத் துடைத்தோ கழுவியோ அகற்றிக் காய விட்ட பின்னரே எபொக்சி பிரைமரைப் பூச வேண்டும். அமிலம் மிஞ்சியிருந்தால் எபொக்சி இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

பிரைமரைக் கலந்து, சிறிய இடங்களுக்குத் தூரிகையாலேயே இரண்டு மெல்லிய தடவை பூசுங்கள். கல்லடிப் பூச்சு தடிப்பானது, நெகிழ்வானது; ஆனால் நீராவி அதனூடே மெல்ல ஊடுருவும். இரும்பை அடைப்பது பிரைமர்தான். வெற்று இரும்பில் நேரடியாகக் கல்லடிப் பூச்சை அடிப்பது புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகச் செலவானது.

பிரைமர் இறுகியபின் தகடுகள் சேரும் மூட்டுகளில் பழைய சீலர் வெடித்திருந்தால் புதியதை இட்டு, விரலால் வழித்து விடுங்கள். நீர் வெளியேறும் பிளவுகள் மூட்டுகள்போலவே தோன்றும். ஆறாம் படியில் தண்ணீர் வடிந்த இடங்களை அப்போதே சோக்கால் குறித்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

9. மறைத்தல்

பிரேக் டிஸ்க், கலிப்பர், பிரேக் ஹோஸ், ஷொக் அப்சோபரின் பளபளக்கும் தண்டு, அதன் ரப்பர் உறை, ஏபிஎஸ் வயரின் இணைப்பு, ஸ்குரூத் துளைகள், நீர்த் துளைகள் ஆகிய அனைத்தையும் மூடுங்கள். டிஸ்க்குக்குப் பிளாஸ்ரிக் பை போதும். ஸ்குரூத் துளைகளுக்குப் பழைய ஸ்குரூவையே இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள். நீர்த் துளைகளில் நிறமுள்ள நூல் துண்டு ஒன்றைச் செருகி, அதன் நுனி வெளியே தொங்கும்படி விடுங்கள். பூச்சு அடித்தவுடன் நூலை இழுத்தால் துளை திறந்தபடி இருக்கும்.

வெளி மட்காட்டில் குறைந்தது அரை மீற்றர் உயரத்துக்குத் தாளும் மாஸ்கிங் ரேப்பும் ஒட்டுங்கள். காற்றில் பறக்கும் துளிகள் நினைப்பதைவிடத் தூரம் போகும்.

10. கல்லடிப் பூச்சு

காலை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிக்குள் அடிக்கத் திட்டமிடுங்கள். அதற்கு முன் தகட்டில் பனியின் ஈரம் இருக்கும். நண்பகலில் தகடு சூடேறியிருப்பதால் பூச்சின் மேற்பரப்பு உடனே தோல் கட்டி, உள்ளே அடைபட்ட தின்னர் பின்னர் குமிழியாக வெளிவந்து ஊசித்துளை விடும். ஒரு ஊசித்துளை போதும், தண்ணீர் இறங்குவதற்கு.

பழைய பெயின்ற் உள்ள பகுதிகளையும் 320 தாளால் இலேசாக மங்கச் செய்து, துடைத்த பிறகே அடியுங்கள். வழவழப்பான பெயின்றில் பூச்சு ஒட்டுவதுபோலத் தோன்றும், ஆனால் முதல் பெரிய கல்லிலேயே தகடாகப் பெயரும்.

முதல் தடவை மெல்லியதாக, கீழுள்ள நிறம் ஊடே தெரியும் அளவுக்கு. ரின்னில் சொன்ன இடைவெளி விட்டு இரண்டாவது. கல் அதிகம் விழும் இடங்களுக்கு மட்டும் மூன்றாவது. ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் வடியும். அதோடு உட்புறம் பல நாள் மென்மையாகவே கிடந்து, ஒட்டும் மணலைத் தன்னுள் புதைத்துக்கொள்ளும். மட்காட்டின் உள்விளிம்பு வளைந்து உள்ளே திரும்பும் இடத்துக்குத் துப்பாக்கி எட்டாது. அங்கே தூரிகையால் பூசுங்கள். துரு தொடங்கும் இடமும் அதுவே என்பதால் இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள்.

கடைசித் தடவை ஈரமாக இருக்கும்போதே ரேப்பையும் நூல்களையும் அகற்றுங்கள். இறுகிய பின் இழுத்தால் பூச்சின் விளிம்பும் சேர்ந்து வரும்.

உடல் கண்ணாடி நாரால் ஆன வண்டிகளில் துரு என்ற பேச்சே இல்லை. ஆனால் உள்ளிருந்து படும் கல், வெளிப்பக்கப் பெயின்றில் நட்சத்திர வடிவ வெடிப்பை ஏற்படுத்தும். அவற்றுக்கும் இதே பூச்சு உதவும். வலிய தின்னரால் துடைப்பதை மட்டும் தவிருங்கள்.

11. முழக்கத்தை அடக்குதல்: பியூட்டைல் தாள்

இந்த இடத்தில் பலரோடு நான் மாறுபடுகிறேன். பியூட்டைல் தாளைச் சில்லுக்கூட்டின் ஈரப் பக்கத்தில் ஒட்டுவது வழக்கமாகி வருகிறது. அதன் அலுமினியத் தாளின் விளிம்பு சிறிது எழும்பினாலும் உப்பு நீர் அதன் கீழ் தங்கும். அதே தகட்டின் மறுபக்கம் டிக்கியின் கம்பளத்துக்குக் கீழே உலர்ந்திருக்கிறது. அதிர்வது ஒரே தகடு. எந்தப் பக்கத்தில் ஒட்டினாலும் அதிர்வு ஒரே விதமாகவே அடங்கும். ஆகவே பின் சில்லுக்கூடுகளுக்கு உட்பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். மூட்டுக்கும் மடிப்புக்கும் அருகே "டொக்" என்று கேட்கும், நடுவில் விரிந்த சமதளத்தில் "டங்" என்று ஒலிக்கும். டங் என்ற இடத்தின் நடுவே ஒரு துண்டு ஒட்டி மீண்டும் தட்டுங்கள். பரப்பில் கால்பங்கிலிருந்து அரைப்பங்கு வரை மூடினால் பெரும்பாலான பயன் கிடைத்துவிடும். இரண்டு மில்லிமீற்றர்த் தாள் ஒரு சதுர மீற்றருக்கு மூன்று கிலோவுக்கு மேல் நிறுக்கும். இலேசான ஸ்போர்ட்ஸ் காருக்குத் தேவையில்லாத பாரம் ஏற்றுவதில் பொருளில்லை. சிறிய உருளையால் தாளின் புடைப்புக் கோலம் தட்டையாகும்வரை அழுத்துங்கள். அழுத்தாத தாள் ஒட்டியிருக்குமே தவிர அதிர்வை அடக்காது.

வீட்டுக் கூரை ஒழுக்குக்கு விற்கும் தார்த் தாளை மலிவு என்று வாங்க வேண்டாம். மதிய வெயிலில் மூடிய டிக்கிக்குள் அது இளகி, மணத்து, வழுகி இறங்கும்.

எம்எக்ஸ்-5இன் முதல் இரு தலைமுறைகளில் பற்றரி டிக்கியினுள்ளேயே இருக்கிறது. இத்தகைய வண்டியில் வேலைக்கு முன் பற்றரியை வெளியே எடுங்கள். அலுமினியத் தாள் மின்சாரத்தைக் கடத்தும், முனைகளில் பட்டால் பொறி பறக்கும். சீற்பெல்ற் சுருளும் இடத்துக்கும் எயார்பேக் வயர்களுக்கும் அருகில் எதையும் ஒட்டாதீர்கள்.

முன் சில்லுக்கு இப்படி ஒரு உலர்ந்த மறுபக்கம் கிடைப்பதில்லை. அங்கே வெளி மட்காட்டுத் தகட்டின் உட்புறத்தில், மேல் பாதியில் மட்டும், உள்ளங்கை அளவான ஒரு துண்டு போதும். சேறு தங்கும் கீழ் மூலையில் ஒட்ட வேண்டாம்.

லைனரின் முதுகிலும் ஒட்ட வேண்டாம். நான் ஒருமுறை ஒட்டினேன். பாரம் தாங்காமல் கிளிப்புகள் தளர்ந்து, பரந்தனுக்கு அப்பால் லைனர் இறங்கி ரயரில் உரசி, எரிந்த பிளாஸ்ரிக் மணத்தோடு வீதியோரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. லைனர் தகட்டில் தட்டிக் கிறுகிறுக்கும் இடங்களில் மெல்லிய, தண்ணீர் உறிஞ்சாத மூடிய நுண்ணறை நுரைப் பட்டையை ஒட்டினால் போதும். மெத்தைக்குப் போடும் பஞ்சு நுரை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

12. லைனர் இல்லாத இடங்கள்

பழைய வண்டிகளுக்கு லைனர் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கிழிந்திருக்கும். நீல நிறப் பிளாஸ்ரிக் பரலை வெட்டியெடுத்த தகடு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது: கல்லுக்கு உடையாது, தண்ணீர் உறிஞ்சாது, பரலின் வளைவே சில்லுக்கூட்டின் வளைவுக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். முதலில் காட்போட் மட்டையில் வடிவம் வெட்டி வைத்துப் பார்த்து, பிறகு பிளாஸ்ரிக்கை வெட்டுங்கள். வளைக்க வேண்டிய விளிம்பை வண்டிக்கு வெளியே வைத்துச் சூடாக்கி வளையுங்கள். பரல் இரசாயனம் ஏற்றி வந்ததாக இருக்கலாம், நன்றாகக் கழுவியே கையாளுங்கள்.

இருக்கும் துளைகளையே பயன்படுத்துங்கள். புதுத் துளை தவிர்க்க முடியாவிட்டால், துளையின் வெட்டு விளிம்புக்குப் பிரைமர் பூசி, பிளாஸ்ரிக் கிளிப்பால் பூட்டுங்கள். துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரூ நல்லதென்று தோன்றும். ஆனால் உப்பு ஈரத்தில் அது தொடும் சாதாரணத் தகட்டை விரைவாக அரிக்கச் செய்யும். தகட்டின் கீழ் முனையில் விரலளவு இடைவெளி விட்டு வையுங்கள். உள்ளே போகும் மணலுக்கும் நீருக்கும் வெளியேறும் வழி அதுதான்.

13. திரும்பப் பூட்டுதலும் இடைவெளிச் சோதனையும்

கடைசிப் பூச்சுக்குப் பின் குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டு, நகத்தால் அழுத்தித் தடம் விழாதபோது லைனரைப் பூட்டுங்கள். படத்தைப் பார்த்து, மேல் விளிம்பு மேலேயே வரும்படி வையுங்கள்.

புதிதாக ஏதேனும் தடிப்புச் சேர்த்திருந்தால் ரயருக்கு உள்ள இடைவெளியைச் சோதிப்பது கட்டாயம். ஈரமான களிமண்ணில் சுண்டைக்காய் அளவு உருண்டைகள் செய்து, லைனரின் மேலும் முன்னும் பின்னும் ஒட்டுங்கள். சில்லைப் பூட்டி இறக்கி, ஸ்ரியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, ஒரு வேகத்தடையில் இருவரோடு மெதுவாக ஏறி இறங்குங்கள். நசுங்கிய உருண்டையின் தடிப்பே உங்களுக்கு உண்மையில் இருக்கும் இடைவெளி. தாழ்த்திய ஸ்பிரிங் போட்ட வண்டிகளில் இந்தச் சோதனை மிகவும் முக்கியம். நிற்கும்போது இரண்டு விரல் போகிறது என்று பார்ப்பது எதையும் காட்டாது.

நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக, ரோர்க் றென்ச்சால் இறுக்குங்கள். எம்எக்ஸ்-5இன் முதல் இரு தலைமுறைகளுக்கு அது 88 முதல் 118 நியூட்டன் மீற்றர். 100 கிலோமீற்றர் ஓடிய பின் ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள். சில்லு அமரும் முகத்தில் பூச்சுத் துளி விழுந்திருந்தால் நட்டு இறுகியதாகக் காட்டிப் பின் தளரும், ஆகவே பூட்டுமுன் அந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள்.

14. பின்பு பார்க்க வேண்டியவை

அதே பண்ணை வீதியிலும் அதே ஒழுங்கையிலும் அதே வேகத்தில், முன்பு இருந்தவரையே பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். கல்லின் கூர்மையான தெறிப்பு மங்கிய தட்டலாக மாறியிருக்க வேண்டும். தடித்த முழக்கம் நன்றாகக் குறைந்திருக்கும். ரயரின் தொடர் இரைச்சல் ஓரளவே குறையும். அது ரயரின் வகையையும் காற்றழுத்தத்தையும் சார்ந்தது, தேய்ந்து ஏற்றத்தாழ்வான ரயரின் ஓசையை எந்தத் தாளும் மறைக்காது.

முதல் பெரிய மழையில் ஓடியபின், வண்டி நிற்கும் இடத்தில் பக்கச் சட்டத்தின் அடியிலிருந்து நீர் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டினால் நல்லது, துளைகள் திறந்திருக்கின்றன. சொட்டாவிட்டால் அன்றே அடைப்பைத் தேடுங்கள். காரைநகர், பண்ணைப் பக்கம் அடிக்கடி போய் வருபவர்கள் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் சில்லுக்கூட்டை அலச வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்த தை மாதத்தில், பின் லைனர்களை மட்டுமாவது கழற்றி, உள்விளிம்பில் விரலை விட்டுச் சேற்றை வழித்தெடுங்கள். கல்லால் பூச்சு பெயர்ந்த இடம் தெரிந்தால் அந்த அளவுக்கு மட்டும் தேய்த்து, பிரைமர் தொட்டு, ஸ்ப்ரே ரின்னால் மூடினால் போதும். அரை நாளில் முடியும்.